சிம் போட இடமில்லாத பேசி: அரியலூரிலிருந்து ஒரு செல்பேசி வரலாறு

அரியலூர்ப் பேருந்து நிலையத்துக்குச் சற்றுத் தள்ளிச் செல்பேசி பழுது பார்க்கும் சிறு கடை ஒன்றில் அண்மையில் ஒரு பிற்பகலைக் கழித்தோம். எங்கள் நண்பர் ஒருவர் காலஞ்சென்ற தம் தந்தையின் பழைய பேசியைக் கொண்டு வந்திருந்தார். 2003இல் மாதத் தவணையில் வாங்கப்பட்டது. அதில் இருக்கும் பெயர்களையும் எண்களையும் எடுத்து இன்றைய பேசிக்கு மாற்ற முடியுமா என்று கேட்டோம். கடைக்காரத் தம்பி பின்மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அண்ணே, இது சி.டி.எம்.ஏ. செட்டு. இதுல சிம் போட இடமே கிடையாது. நம்பரும் இதுக்குள்ளதான், பேரும் இதுக்குள்ளதான். கம்பெனி போனதோட இதுவும் போச்சு."

மேசைக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் வாளியை இழுத்துக் காட்டினார். நிறையப் பேசிகள். பலவற்றில் ஒரு கீறல்கூட இல்லை. மின்கலம் மாற்றினால் திரை ஒளிரும், பொத்தான்கள் அமுங்கும். அவற்றை ஏற்றுக்கொள்ள ஒரு வலைப்பின்னல் இல்லை, அவ்வளவுதான். உடையாத பொருள் எப்படிக் குப்பையாகிறது என்பதே எங்களுக்கு வியப்பாக இருந்தது. இக்கட்டுரை அந்த வாளியிலிருந்து தொடங்குகிறது.

செல்பேசி, கைபேசி, அலைபேசி, செல்லிடத் தொலைபேசி என்று இக்கருவிக்குத் தமிழில் பல பெயர்கள் உண்டு. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் 'செல்லு' என்று முடித்துவிடுவார்கள். நாங்கள் செல்பேசி என்றே எழுதுகிறோம்.

செல்பேசிக்கு முந்தைய காலத்தை நினைவில் வைத்திருப்போர்க்குப் 'பி.பி.' என்ற இரண்டெழுத்து தெரிந்திருக்கும். திருமணப் பத்திரிகையில், கடிதத்தின் மேல் மூலையில், தொலைபேசி எண்ணுக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் அது நிற்கும். எண் நம்முடையதன்று, பக்கத்து வீட்டாருடையது, கூப்பிட்டால் ஆளனுப்பி அழைத்துத் தருவார்கள் என்று பொருள். துபாயிலும் சிங்கப்பூரிலும் வேலை செய்தோர் ஞாயிற்றுக்கிழமை இந்த நேரத்துக்கு அழைப்போம் என்று முன்கூட்டியே கடிதத்தில் எழுதுவார்கள். குடும்பமே பக்கத்து வீட்டுத் திண்ணையில் காத்திருக்கும். சொந்தமாக ஓர் எண் இருப்பது அக்காலத்தில் வசதியை மட்டும் குறிக்கவில்லை. யாருக்கும் கடன்படாமல் பேசுவதையும் குறித்தது. பின்னாளில் செல்பேசி எண்ணை மக்கள் அவ்வளவு இறுகப் பற்றிக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது எங்கள் எண்ணம்.

இன்னொன்றையும் அக்காலத்திலிருந்து நினைவுகூர வேண்டும். அரியலூரின் தொலைதூரக் குறியீடு 04329. பெரம்பலூருக்கு 04328. ஜெயங்கொண்டத்துக்கு 04331. முப்பது, முப்பத்தைந்து கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் மூன்று ஊர்களும் தொலைபேசித் துறையின் வரைபடத்தில் மூன்று தனி வட்டாரங்கள். வருவாய்த் துறையின் வரைபடமோ வேறு கதை. 2001 ஜனவரி 1 அன்று பெரம்பலூரிலிருந்து அரியலூர் தனி மாவட்டமாயிற்று. 2002 மார்ச் 31 அன்று மீண்டும் பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டது. 2007 நவம்பர் 23 அன்று மறுபடியும் பிரிந்தது. மாவட்டக் கோடு இப்படி அழிந்தும் எழுந்தும் கொண்டிருந்த போதெல்லாம் தொலைபேசியின் கோடு மட்டும் அசையாமல் இருந்தது. அக்கோட்டுக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பது கம்பியில்லாப் பேசி வந்தபோதுதான் விளங்கிற்று.

இந்தியாவின் முதல் செல்பேசி உரையாடல் 1995 ஜூலை 31 அன்று நடந்தது. மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து மத்திய அமைச்சர் சுக்ராமிடம் பேசினார். அவ்வாண்டே சென்னைக்கும் செல்பேசி வந்தது. ஸ்கைசெல், ஆர்.பி.ஜி. என்று இரு நிறுவனங்கள். அழைத்தவர் மட்டுமன்றி அழைப்பைப் பெற்றவரும் பணம் தர வேண்டிய காலம் அது. அழைப்பைத் துண்டித்துவிட்டுப் பக்கத்து எஸ்.டி.டி. கடைக்கு ஓடிச் சென்று திரும்ப அழைத்தவர்களை நாங்கள் அறிவோம். உரிமம் வழங்கும்போது அரசு நாட்டைப் பெருநகரங்கள் என்றும் வட்டங்கள் என்றும் பங்கிட்டது. சென்னை ஒரு வட்டம், எஞ்சிய தமிழ்நாடு வேறு வட்டம். சென்னைத் தொலைபேசிப் பகுதியோடு மறைமலை நகர், மீஞ்சூர், மாமல்லபுரம் ஆகிய இணைப்பகங்களின் எல்லை வரை சென்னை; அதற்கு அப்பால் தமிழ்நாடு. அரியலூரிலிருந்து பேருந்தில் செல்பவர் செங்கல்பட்டைத் தாண்டியதும் பேசியின் திரையில் நிறுவனத்தின் பெயர் மாறும். அந்தக் கணத்திலிருந்து அவர் வெளியூர்க்காரர். ரோமிங் கட்டணம் ஓடத் தொடங்கும். மாநிலத்தின் தலைநகருக்குச் செல்லும் குடிமகனை அயலான் ஆக்கிய அந்த ஏற்பாடு, 2005இல் இரு வட்டங்களும் ஒன்றாக்கப்படும் வரை நீடித்தது. வானலைக்குச் செங்கல்பட்டும் தெரியாது, மறைமலை நகரும் தெரியாது. உரிமப் பத்திரத்துக்குத்தான் தெரியும்.

தமிழ்நாட்டு வட்டத்தில் 1999இல் ஏர்செல் வந்தது. 2002 அக்டோபரில் பாரத் சஞ்சார் நிகாம், நாம் பி.எஸ்.என்.எல். என்று சொல்லும் பொதுத்துறை நிறுவனம், தன் செல்பேசிச் சேவையைத் தொடங்கியது. எண்ணின் முதல் நான்கு இலக்கங்களே ஆளின் குலம் கோத்திரத்தைச் சொல்லிவிடும். 9443 என்றால் பி.எஸ்.என்.எல்., 9842 என்றால் ஏர்செல், 9894 என்றால் ஏர்டெல். நிறுவனம் விட்டு நிறுவனம் போனால் எண்ணும் போயிற்று. ஊரெல்லாம் மறுபடி சொல்லிவர வேண்டும்.

எனினும் இந்நிறுவனங்களெல்லாம் ஜி.எஸ்.எம். என்ற ஒரே நெறியைப் பின்பற்றின. 1987இல் பதின்மூன்று ஐரோப்பிய நாடுகள் கோபன்ஹேகனில் கையெழுத்திட்ட ஓர் ஒப்பந்தத்திலிருந்து வளர்ந்த நெறி அது. நாட்டுக்கு நாடு பேசி மாறக் கூடாது என்பதே அதன் அடிப்படை நோக்கம். ஆளின் அடையாளம் ஒரு சிறு அட்டையில் இருக்கும், அட்டையைக் கழற்றி எந்தப் பேசியிலும் செருகலாம். ஆகவே ஆண்டிமடத்துக்காரர் ஒருவர் துபாயில் வாங்கி வந்த நோக்கியா, அரியலூரில் ஓர் உள்ளூர்ச் சிம்மைப் போட்டதும் பேசியது.

பேசாமல் போனது அரியலூரிலேயே வாங்கியதுதான். அதன் காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

கம்பியிழுத்துத் தொலைபேசி தருவது செலவு மிக்க வேலை. கடைசிக் கம்பத்திலிருந்து வீடு வரையிலான தூரத்தைக் கம்பியின்றி அலையால் கடக்கலாம் என்ற யோசனை 1990களில் வலுப்பெற்றது. 'டபிள்யூ.எல்.எல்.' என்று பெயர். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு இதற்கென்றே கார்டெக்ட் என்ற முறையை உருவாக்கியது. சிற்றூர்களை மனத்தில் கொண்டு, குறைந்த விலையில், தொலைபேசியும் இணையமும் சேர்ந்து கிடைக்கும்படி அமைந்த முறை. ஆனால் அது வீட்டில் நிலையாக நிற்கும் தொலைபேசிக்கானது. பெரிய நிறுவனங்கள் எடுத்துக்கொண்டதோ சி.டி.எம்.ஏ. என்ற அமெரிக்க முறை. ஜி.எஸ்.எம். ஒரே அலைவரிசையை நேரத் துண்டுகளாக நறுக்கி ஆளுக்கொரு துண்டு கொடுக்கும். சி.டி.எம்.ஏ.வில் எல்லோரும் ஒரே வேளையில் ஒரே அலைவரிசையில் பேசுவார்கள், ஒவ்வொருவர் பேச்சையும் ஒரு தனிக் குறியீடு பிரித்துக் காட்டும். எது மேலானது என்று பொறியாளர்கள் வாதிட்டுக்கொள்ளட்டும். நமக்கு வேண்டியது ஒன்றுதான்: இதற்கான பேசி அதற்கு உதவாது, அதற்கான பேசி இதற்கு உதவாது.

வீட்டுத் தொலைபேசி உரிமம் பெற்றவர்கள் 'வரம்புக்குட்பட்ட நடமாட்டம்' என்ற பெயரில் இந்தச் சி.டி.எம்.ஏ. பேசியைக் கையிலும் கொடுக்கலாம் என்று 2001இல் அரசு அனுமதித்தது. வரம்பு எது? மேலே சொன்ன குறியீட்டு வட்டாரம்தான். சட்டப்படி 04329இன் பேசி 04328இல் பேசக் கூடாது. அரியலூர்க்காரர் பெரம்பலூர்ச் சந்தைக்குப் போனால் பேசி சட்டைப் பையில் சும்மா கிடக்க வேண்டும். மாவட்டத் தலைநகருக்கும் அதன் முக்கிய ஊர்களுக்கும் இடையில் எழுந்த இந்தக் கண்ணுக்குத் தெரியாத வேலியைப் பற்றி அன்றைய நாளிதழ்களில் நாங்கள் எதையும் படித்ததாக நினைவில்லை.

2002 டிசம்பர் இறுதியில் ரிலையன்ஸ் இன்ஃபோகாம் களத்தில் இறங்கியது. 2003 ஜூலையில் 501 ரூபாய் செலுத்திப் பேசியைக் கையில் பெறலாம் என்ற திட்டம் வந்தது. அதுவரை செல்பேசியை எட்டத்தில் நின்று பார்த்தவர்கள், தையற்காரர், சிமென்ட் ஆலைத் தொழிலாளி, முந்திரி வியாபாரி, முதன்முறையாக அதைக் கையில் பிடித்தார்கள். இதை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. கட்டணம் வீழ்ந்ததில் இந்நிறுவனத்தின் வருகைக்குப் பெரும் பங்குண்டு. ஒரே கருவியைப் பல ஊர்களில் பதிவு செய்து, அழைப்பைத் தள்ளிவிட்டு, வட்டார வேலியையும் தாண்ட வைத்தார்கள். ஜி.எஸ்.எம். நிறுவனங்கள் கொதித்தன. பெரும் பணம் கொடுத்து நடமாடும் உரிமம் வாங்கியவர்கள் நாங்கள், பின்வாசல் வழியாக வந்தவர்களோடு ஏன் பேச வேண்டும் என்றன. 2003 ஜனவரியில் இத்தகைய பேசிகளிலிருந்து வந்த அழைப்புகளைச் சில நாட்கள் தடுத்தும் பார்த்தன. வழக்கு, தீர்ப்பு, மறு வழக்கு என்று நீண்ட சண்டை, 2003 நவம்பரில் எல்லாவற்றையும் ஒரே உரிமத்தின் கீழ்க் கொண்டுவந்த ஆணையால் ஒருவாறு ஓய்ந்தது. வட்டார வேலி அன்றோடு போயிற்று. ஒரே ஆணை, ஒரு கோபுரத்தைக்கூட நகர்த்த வேண்டியிருக்கவில்லை.

ஆனால் பேசிக்கும் நிறுவனத்துக்கும் போட்ட முடிச்சு அவிழவில்லை. அந்தத் தொடக்கக் காலப் பேசிகளில் கழற்றும் அட்டை இல்லை. எண் பேசிக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது. தவணை முடிந்த பிறகும் பேசி வாங்கியவருடையதா, நிறுவனத்தினுடையதா என்று சொல்ல முடியாத நிலை. நண்பரின் தந்தை வைத்திருந்ததும் அவ்வகையே. தமக்குச் சேராத ஒரு தொகை ரசீதில் வந்தபோது, வேறு சேவைக்கு மாறிக்கொள்ளலாம் என்று பிள்ளைகள் சொன்னார்களாம். "செட்டையும் தூக்கிப் போடணும், நம்பரையும் விடணும். அதுக்குக் கட்டிட்டே போயிடலாம்" என்று அவர் கட்டியிருக்கிறார். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டியதில்லை. அக்காலத்தில் பலருக்கும் இதுவே நடந்தது.

இருப்புப்பாதையை அறிந்த அரியலூர்க்காரருக்கு இது புதிய துன்பமன்று. விழுப்புரத்திலிருந்து அரியலூர் வழியாகத் திருச்சி செல்லும் பாதை நெடுங்காலம் மீட்டர் பாதையாக இருந்தது. ஈரோட்டிலிருந்து திருச்சிக்கு வரும் பாதை 1929 முதல் அகலப் பாதை. ஒன்றின் அகலம் 1,000 மில்லிமீட்டர், மற்றதன் அகலம் 1,676. இருவகைப் பாதைகள் சந்திக்கும் இடத்தில் வண்டி மாறாது, சரக்குத்தான் மாறும். மாற்றுவது மனிதத் தோள். 1990களின் பிற்பகுதியில் எங்கள் பாதை அகலமாகும் வரை இதுதான் நிலை. அந்த 676 மில்லிமீட்டரின் செலவை வெள்ளைக்காரக் கம்பெனி தரவில்லை, மூட்டை தூக்கியவர் தந்தார்.

வேறொரு பொருந்தாமையையும் இங்கே சொல்லிவிடலாம், இலக்கிய வாசகர்க்கு அது நெருக்கமானது. குறுஞ்செய்தியில் ஆங்கில எழுத்துக்கு 160 இடம். யூனிகோடில் தமிழ் எழுதினால் 70தான். 'வணக்கம்' நமக்கு ஐந்தெழுத்து, பேசிக்கு ஏழு இடம், ஏனெனில் புள்ளிக்குத் தனி இடம் வேண்டும். அதையும் மீறி அனுப்பினால் மறுமுனைப் பேசியில் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டால் வரிசையாகக் கட்டங்கள் விழும். 2005இல் முத்து நெடுமாறன் சிங்கப்பூரில் செல்லினத்தை வெளியிட்டபோது நாங்கள் கொண்ட மகிழ்ச்சி பெரிது. ஆனால் இங்கே, எதிர்முனையில் இருப்பவரின் பேசி எதுவென்று தெரியாமல் தமிழில் அனுப்பத் துணிந்தவர் சிலரே. 'நாளை காலை பஸ்' என்பதை ஆங்கில எழுத்தில் எழுதப் பழகிய கை பலருக்கு இன்னும் திருந்தவில்லை.

2007 மே மாதம் தொலைத்தொடர்புத் துறைக்குப் புதிய அமைச்சர் வந்தார். பெரம்பலூர்த் தொகுதியின் மக்களவை உறுப்பினர் ஆ. இராசா. அவ்வாண்டு அக்டோபரில், ஓர் உரிமத்தின் கீழ் இரு தொழில்நுட்பங்களையும் நடத்தலாம் என்ற முடிவைத் துறை அறிவித்தது. சி.டி.எம்.ஏ. நிறுவனங்கள் கட்டணம் செலுத்தி ஜி.எஸ்.எம். அலைவரிசையும் பெறலாம். அடுத்த மாதம்தான் அரியலூர் தனி மாவட்டமாக மீண்டும் பிரிந்தது என்பது காலத்தின் வேடிக்கை. 2008 ஜனவரி 10 அன்று வழங்கப்பட்ட 122 உரிமங்களும், அவற்றை 2012 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததும், 2017 டிசம்பர் 21 அன்று தனி நீதிமன்றம் இராசா உள்ளிட்ட அனைவரையும் விடுவித்ததும் நாடறிந்தவை. அவ்வழக்கின் நியாயம் நீதிமன்றங்களுக்குரியது. அந்த வழக்கின் பேரொலியில் அக்டோபர் முடிவின் உட்பொருள் யார் காதிலும் விழவில்லை என்பதே எங்கள் குறை. ஐந்தாண்டுகளாக 'எங்கள் பேசி வேறு, அவர்கள் பேசி வேறு' என்று சொல்லிவந்த நிறுவனமே இனி இரண்டையும் விற்கும். 2009 தொடக்கத்தில் ரிலையன்ஸின் ஜி.எஸ்.எம். சிம் கடைகளில் தொங்கியது. பழைய பேசி வைத்திருந்தவர்க்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அதே நிறுவனத்தின் புதிய சிம்மை அதே நிறுவனத்தின் பழைய பேசியில் போட முடியவில்லை. போட இடமே இல்லையே.

2012 தீர்ப்பு எங்கள் ஊருக்குச் செய்ததும் ஒன்றுண்டு. புதிதாக வந்து மலிவாகச் சிம் விற்ற யூனிநார், அவ்வாண்டே தமிழ்நாட்டில் கடையைக் கட்டியது. அந்த எண்களை நம்பி முகவரி அட்டை அடித்தவர்கள் மறுபடி அச்சகத்துக்குப் போனார்கள்.

மக்கள் வாளாவிருக்கவில்லை. இரண்டு சிம் போடும் சைனா செட்டுகள் சந்தையில் குவிந்தன. நிறுவனங்கள் தமக்குள் கட்டிய சுவரை ஒரு கையளவுப் பெட்டிக்குள் இடித்துவிட்ட அந்தப் பெயரற்ற சீனத் தொழிற்சாலைகளுக்கு நாம் நன்றி சொல்லத்தான் வேண்டும். அதற்கும் ஒரு தடை வந்தது. ஐ.எம்.இ.ஐ. என்ற அடையாள எண் இல்லாத பேசிகள் 2009 நவம்பர் 30 நள்ளிரவோடு துண்டிக்கப்படும் என்று ஆணை. பாதுகாப்புக் காரணம், மறுக்க இயலாது. குறிப்பிட்ட மையங்களில் 199 ரூபாய் கட்டினால் பேசிக்கு எண் பொறித்துத் தந்தார்கள்.

2011 ஜனவரி 20 முதல் எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் உரிமை நாடெங்கும் வந்தது. அப்போது கட்டணம் 19 ரூபாயாக இருந்தது. 1900க்கு ஒரு செய்தி அனுப்பினால் ஒரு குறியீடு வரும், அதை எடுத்துச் சென்று புதிய நிறுவனத்தில் கொடுக்க வேண்டும். 2015 ஜூலை முதல் வட்டம் விட்டு வட்டமும் செல்லலாம் என்றானது. 9842 என்றால் ஏர்செல் என்ற குலக்கணக்கு அன்றோடு பொய்த்தது. இதுவும் வழக்குக்கும் தவணைக்கும் பிறகே வந்தது. வந்தபின் எவருக்கும் அது கடினமாகத் தோன்றவில்லை.

அந்த உரிமையின் ஓட்டை 2018 பிப்ரவரியில் தெரிந்தது. கடனில் மூழ்கிய ஏர்செல்லின் கோபுரங்கள், வாடகைப் பாக்கியால் ஒவ்வொன்றாய் அணைந்தன. பிப்ரவரி 21ஐ ஒட்டிய நாட்களில் தமிழ்நாடெங்கும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரின் பேசிகளில் சிக்னல் போயிற்று. மாத இறுதியில் நிறுவனம் திவால் நடவடிக்கைக்கு விண்ணப்பித்தது. எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ள எல்லோருக்கும் சட்டப்படி உரிமை உண்டு. மாற்றக் குறியீடு வேண்டும். குறியீட்டுக்குச் செய்தி அனுப்ப வேண்டும். செய்தி அனுப்பச் சிக்னல் வேண்டும். சிக்னல் இல்லாததால்தானே மாற்ற வேண்டும்! நிறுவனத்தின் கடைகள் முன் கூட்டம் கூடியது, கதவுகள் மூடின. எப்போதோ சிக்னல் எட்டிப்பார்க்கும் மாடி மூலையைத் தேடி மக்கள் ஏறி இறங்கினார்கள். பி.பி. காலத்தில் ஓர் எண் போனால் உறவினர் தொடர்பு போகும். 2018இல் ரேஷன் பொருள் வாங்கிய செய்தி, எரிவாயுப் பதிவு, வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல், ஆதார் எல்லாம் அந்தப் பத்து இலக்கத்தில் கட்டப்பட்டிருந்தன. குவைத்திலிருந்து அனுப்பிய பணம் வங்கியில் இருக்கும். எடுப்பவரின் அடையாளம் அணைந்த கோபுரத்தில் இருக்கும். ஒழுங்குமுறை ஆணையம் தலையிட்டு, ஏர்செல் வாடிக்கையாளரின் மாற்றக் குறியீடு 2018 ஏப்ரல் 15 வரை செல்லும் என்று கால அவகாசம் வாங்கித் தந்தது. பெரும்பாலோர் தப்பினர்.

அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே, 2017இன் இறுதியில், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் தன் பழைய செல்பேசிச் சேவையை மூடியிருந்தது. கடைக்காரத் தம்பியின் வாளி நிறையத் தொடங்கியது அந்த நாட்களில்தான் என்றார்.

2016 செப்டம்பரில் வந்த ஜியோவில் குரல் அழைப்பும் நான்காம் தலைமுறை வழியிலேயே செல்லும். ஆகவே இரண்டாம், மூன்றாம் தலைமுறைப் பேசிகள் அதில் வாய் திறக்கவில்லை. '4ஜி' என்று பெயர் பொறித்த பேசிகளிலும் பல, செயலியின் துணையின்றிப் பேச மறுத்தன. 2017இல் 1,500 ரூபாய் பிணைத்தொகைக்கு வந்த ஜியோபோன் வேறு நிறுவனத்தின் சிம்மை ஏற்காது. பதினான்காண்டுக்குப் பின் அதே முடிச்சு, இம்முறை சிம் போட இடம் வைத்து.

கடையில் மாலை வரை இருந்தோம். தம்பி எங்கிருந்தோ பொருந்தும் மின்கலம் ஒன்றைத் தேடிப் போட்டார். திரை ஒளிர்ந்தது. மேல் மூலையில் சிக்னலைத் தேடும் குறி சுழன்றுகொண்டே இருந்தது. எண்களை எடுக்கக் கம்பியும் இல்லை, மென்பொருளும் இல்லை. நண்பர் வாசித்தார், நாங்கள் ஒரு நோட்டில் எழுதினோம். அகர வரிசையில் அல்ல, ஆங்கில எழுத்து வரிசையில் பெயர்கள். 9443, 9842, 9894. இடையில் 04331 என்று தொடங்கும் ஓர் எண்ணுக்கு அவர் வைத்திருந்த பெயர் 'தங்கச்சி பிபி', அதையும் ஆங்கில எழுத்தில். அத்தை செந்துறைக்குக் குடிவந்து பல ஆண்டுகள் ஆயிற்று என்றார் நண்பர். எழுதி முடிப்பதற்குள் மின்கலம் தீர்ந்தது. தம்பி மறுபடி மின்னேற்றியில் செருகிவிட்டு, "தேநீர் குடிச்சிட்டு வாங்கண்ணே, அரை மணி ஆகும்" என்றார்.